ஒளியை நிறுத்தக் கேட்ட மாணவன்



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒளியின் தன்மைகளைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நீர்க் குவளையில் பென்சில் வளைந்து தெரிவதைக் காட்டி, நீருக்குள் ஒளியின் வேகம் குறைகிறது என்றேன். உடனே ஒரு மாணவன், "அப்படியென்றால் ஒளியை நிறுத்தியே வைக்க முடியுமா, ஐயா?" என்று கேட்டான். "முடியாது" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அது தவறான விடை. வீட்டுக்கு வந்து தேடிய பின்னர்தான் தெரிந்தது.

வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். டென்மார்க்கில் பிறந்த இயற்பியலாளர் லேனே ஹாவ் அம்மையாரின் குழுவினர், 1999இல் அமெரிக்காவில், கடுங்குளிரூட்டிய சோடியம் அணுக்களிடையே ஓர் ஒளித்துடிப்பை நொடிக்கு 17 மீட்டராகக் குறைத்தனர். 2001இல் நிறுத்தியும் காட்டினர்.

2015இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் இதைக் கண்ணாடி இழையிலேயே செய்தனர். ஒளியைச் சுமந்து செல்லும் இத்தகைய இழை ஓர் அலைநடத்தி. அதன் ஒரு பகுதியை ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லியதாக இழுத்துவிட்டால், ஒளியின் ஒரு பங்கு இழைக்கு வெளியேயும் பரவிச் செல்லும். அங்கே பிடித்து வைக்கப்பட்ட சீசியம் அணுக்கள் அதனோடு உறவாடும். இன்னோர் ஒளிக்கற்றையே இங்குக் கடிவாளம். அது இருக்கும்வரை துடிப்பு மணிக்கு 180 கிலோமீட்டரில் நகரும் (நம் நெடுஞ்சாலையில் சிலர் பறக்கும் வேகந்தான்!). அதை அணைத்தால் துடிப்பின் சுவடு அணுக்களில் தங்கிவிடும். மீண்டும் ஏற்றினால் துடிப்பு இழைக்குள் புறப்படும். தங்கியது நொடியின் பத்து இலட்சத்தில் 2 பங்குதான். ஆயினும் அதற்குள் சாதாரண இழையில் ஒளி 400 மீட்டர் கடந்திருக்கும்.

மறுநாள் என் தவற்றை ஒப்புக்கொண்டு, இவ்வளவையும் வகுப்பில் தமிழிலேயே சொன்னேன். 'கடிவாளம்' என்றதும் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது.

2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது முதல், அறிவியல் ஆங்கிலத்தில் இருந்தால்தான் பிள்ளை முன்னேறும் எனப் பெற்றோர் சிலர் என்னிடம் வாதிடுகின்றனர். அவர்தம் அச்சம் எனக்குப் புரிகிறது. மேற்கல்விக்கு ஆங்கிலம் வேண்டும்தான். ஆனால், 2003க்குப் பின் சில ஆண்டுகள் நானும் ஆங்கிலத்தில் அறிவியல் கற்பித்தவன். அவ்வகுப்புகளில் பிள்ளைகள் கரும்பலகையைப் படியெடுத்தனர். இப்படியொரு கேள்வியை எவரும் கேட்டதில்லை. மனத்தில் எழுந்திருந்தாலும் கேட்பதற்குச் சொல் இருந்திராது.

எங்கள் பள்ளியிலும் விரைவில் பெற்றோரின் கருத்தைக் கேட்கவிருக்கிறார்கள். கூட்டத்தில் அந்த மாணவனின் கேள்வியைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.