பெற்றவளையும் கேளுங்கள்

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் குழந்தையின் எடை என்ன, யார் ஜாடை, பால் குடிக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். பெற்றவளைப் பார்த்து, "பச்சை உடம்பு, ஜாக்கிரதை" என்று பெரியவர்கள் எச்சரிக்கத் தவறுவதில்லை. அவளுடைய மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவரைத்தான் காணோம்.

பிரசவித்த சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பல தாய்மார்களுக்கு உண்டு. இரண்டு வாரங்களுக்குள் அது தானே அடங்கிவிடும். அடங்காமல், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கமின்றி, எதிலும் பற்றின்றி, குழந்தைக்கு ஏதோ நேர்ந்துவிடும் என்ற பயமே நாள் முழுதும் வாட்டினால் அது நோய். கர்ப்ப காலத்திலேயே தொடங்குவதும் உண்டு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியான கட்டுரை, பிள்ளை பெற்றவர்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு இந்த மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. ஐந்தில் ஒருத்தி! வீட்டிலோ அதற்குச் சோம்பல் என்றும் கொழுப்பு என்றும் பெயர்.

கோவாவிலும் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்திலும் நடந்து 2002-ல் வெளியான இரண்டு ஆய்வுகள், வறுமையோடு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்ததையும் காரணமாகக் கண்டன. இதற்கு மருந்து தாயிடம் மட்டும் இல்லை.

பெங்களூருத் தமிழ்ப் பெண்ணுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடான தருமபுரிக்கோ வேலூருக்கோ போகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்புகிறாள். ஆஷா பணியாளர் அடிக்கடி வீடு தேடி வந்து பார்ப்பதோ முதல் 42 நாட்களில்தான். நோய் அதற்குப் பிறகும் தலைகாட்டலாம். அப்போது அவள் அந்த மாநிலத்தின் கணக்கிலும் இல்லை, இந்த மாநிலத்தின் கணக்கிலும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாலோ, கன்னடம் தெரிந்த கணவரோ மாமியாரோ அவளுக்காகப் பேசுகிறார்கள். காய்ச்சலை அப்படிச் சொல்லிவிடலாம். மாமியாரை வைத்துக்கொண்டு மனத்தில் உள்ளதை எப்படிச் சொல்வாள்? சிலர் மந்திரிப்பவரிடம் அழைத்துப் போகிறார்கள். அதைப் பழித்துப் பயனில்லை, "உனக்கு என்னம்மா?" என்று அவளையே பார்த்து அங்கேதான் ஒருவர் கேட்கிறார்.

ஆனால் எங்கே இருந்தாலும் தாய் தவறாமல் வரும் இடம் ஒன்று உண்டு: தடுப்பூசி போடும் இடம். 6, 10, 14-ஆவது வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் குழந்தையைத் தூக்கி வருகிறாள். 1987-ல் எடின்பரோவில் வகுக்கப்பட்ட 10 கேள்விகள் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கின்றன. கேட்டு முடிக்கச் சில நிமிடங்கள் போதும். தமிழர் மிகுந்த அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளிலாவது, தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் தாயைத் தனியே அழைத்து இவற்றைக் கேட்க மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும்.

கண்டுபிடித்தால் அனுப்ப இடமில்லை என்று சொல்ல முடியாது. தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் பிரிவு நிம்ஹான்ஸில் 2009 முதல் இருக்கிறது. பாலூட்டும்போதே டாக்டரின் யோசனைப்படி சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மற்றவர்கள் முதலில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.