தலையெழுத்தா? குப்பியெழுத்தா?

பிரசவத்தில் ஒரு பெண் இறந்துவிட்டால் நம்மவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? “அவள் தலையெழுத்து அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுக் கருமாதிக்கு நாள் பார்க்கிறார்கள். அந்தத் தலையெழுத்தைப் படித்தவன் எவனாவது உண்டா? படிக்கக்கூடிய எழுத்து மருந்துக் குப்பியின்மேல் இருக்கின்றது. அதைப் படிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

பிரசவத்தில் மிதமிஞ்சிப் போகும் இரத்தத்தை நிறுத்த டிரானெக்ஸாமிக் அமிலம் என்று ஒரு மருந்து உண்டு. 1962-ல் அதை உலகுக்கு அறிவித்தவர்கள் ஜப்பான் தேசத்து உடாகோ ஒகமோட்டோ அம்மையாரும் அவரது கணவருமாவார்கள். பெண்ணுக்குப் புத்தி மட்டு என்னும் சாஸ்திரக்காரர்கள் இதைக் கவனிக்கட்டும்! 21 நாடுகளில், இரத்தப்போக்கு கண்ட 20,060 தாய்மார்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017-ல் வெளிவந்தது. பிரசவமான 3 மணி நேரத்திற்குள் இம்மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தினால், இரத்தப்போக்கினால் வரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது. எந்த நேர்த்திக்கடனாவது இப்படிக் கணக்குக் காட்டியதுண்டா?

ஆனால் மருந்தையும் சாமியாக்கிவிடக் கூடாது. சிசேரியனுக்கு முன் முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். அந்த மருந்தும் தெளிந்த நீர். இதுவும் தெளிந்த நீர். இரண்டும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் குப்பியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, கை தவறி இதை முதுகுத்தண்டில் ஏற்றிவிட்டால் அடங்காத வலிப்பு வருகின்றது, பாதிப்பேர் பிழைப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் இதைப்பற்றி எச்சரித்தது.

இதற்குப் பரிகாரம் யாகமா? இல்லை. மரப்பு மருந்து இருக்கும் தட்டில் இதை வைக்காமல், தனியிடத்தில் பெயர் தெரிய வைக்க வேண்டும். ஊசியில் ஏற்றுமுன் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் பார்த்து ஆம் என்று சொல்ல வேண்டும். ஆபரேஷன் அறையில் சாமி படத்தைக் கும்பிடும் நேரம் இதற்குப் போதுமே!

“டாக்டர், இது அந்தக் குப்பி அல்லவே” என்று நர்ஸ் சொல்லத் துணிய வேண்டும்; அதை அவமானமாகக் கருதாமல் டாக்டர் திரும்பிப் பார்க்க வேண்டும். வாய்பொத்தி நிற்பது மரியாதையென்றால், அந்த மரியாதைக்கு விலை ஒரு தாயின் உயிராகும்.

தோழர்களே! தப்பு நடந்தால் மறைக்காமல் எழுதிவைக்கச் சொல்லுங்கள். விதியென்று சொன்ன மாத்திரத்தில் விசாரணை முடிந்துபோகின்றது. மாறிய குப்பியோ அதே தட்டில், அடுத்த பெண்ணுக்காக அப்படியே இருக்கின்றது.