22 அடி என்ற ஒற்றை எண்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் பூந்தமல்லி வீட்டுக்கு வந்திருந்தான். எம்.இ. கடைசி வருடம். "சார், என் புராஜெக்ட் லீனியர் பாராமீட்டர் வேரியிங் சிஸ்டம். வீட்டுல யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியல" என்றான். 31 வருடம் கணக்கு நடத்தியவன் நான். முதல் பத்து நிமிடம் எனக்கும் புரியவில்லை. அப்புறம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே புரிந்தது.

நேர்கோட்டுச் சமன்பாட்டில் சாய்வு ஒரு மாறிலி என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நிஜத்தில் அந்தச் சாய்வே மாறும். எதனால் மாறுகிறது என்று தெரிந்து, அதை அளந்துகொண்டே வந்தால், அந்தந்த நேரத்துக்கு நேர்கோட்டுக் கணக்கே போதும். அப்படி மாற்றிவைக்கும் அளவுதான் பாராமீட்டர். நம் பாடநூலில் துணையலகு. ஆவடி பஸ்ஸின் ஓட்டுநர் காலி வண்டிக்கும் படியில் தொங்கும் கூட்டத்துக்கும் ஒரே மாதிரியா பிரேக் மிதிக்கிறார்? அதேதான்.

ஏரியில் துணையலகு நீர்மட்டம். மதகின் மேல் 4 அடித் தண்ணீர் நிற்கும்போதும் 16 அடி நிற்கும்போதும் ஷட்டரை ஒரே அளவு தூக்கினால், பின்னதில் இரண்டு மடங்கு பாயும். வர்க்கமூலக் கணக்கு. ஏரியும் பக்கெட் மாதிரி நேராக இல்லை, தட்டு மாதிரி விரிகிறது. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. சராசரியாக அடிக்கு 152. ஆனால் அடியில் உள்ள ஓர் அடி இதைவிடக் குறைவு, உச்சியில் உள்ள ஓர் அடி இதைவிட நிறைய.

இப்போது மதிப்பீடு. ஏரிக்கு வரும் தண்ணீர் ஓடைகள், வாய்க்கால்கள், கரையோரம் என்று நாலா பக்கமும் வருகிறது. எல்லாவற்றுக்கும் மீட்டர் வைக்க முடியாது. மட்டம் எவ்வளவு ஏறியது, மதகில் எவ்வளவு போனது என்று பார்த்துத்தான் நீர்வரத்தைக் கணிக்க வேண்டும். காற்றில் அலையடிக்கும் ராத்திரியில் அளவுகோலை ஓர் அங்குலம் தவறாகப் பார்த்தால் என்ன ஆகும்? சராசரிக் கணக்கிலேயே சுமார் 12.7 மில்லியன் கனஅடி. ஒரு மணி நேரத்துக்கு வகுத்தால் நொடிக்கு 3,500 கனஅடி பிழை! மட்டம் உச்சியில் இருந்தால் இன்னும் கூடுதல். அரை மணிக்கு ஒருமுறை கணக்கிட்டால் அதுவும் இரட்டிப்பு. அளவீட்டை எவ்வளவு நம்புவது, கணக்கை எவ்வளவு நம்புவது என்று எடைபோட 1960-லேயே கால்மன் வழி சொல்லிவிட்டார். அந்த எடையும் நீர்மட்டத்தோடு மாற வேண்டும் என்பதுதான் என் மாணவனின் புராஜெக்ட்.

2015 டிசம்பர் 1-க்கு வருகிறேன். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. ஏரியிலிருந்து 29,000 கனஅடி வரை திறக்கப்பட்டது. மனிதத் தவறு என்றது தணிக்கை அறிக்கை. வரலாறு காணாத மழை என்றது அரசு. அந்த வழக்காடலுக்குள் நான் போகவில்லை. ஜாஃபர்கான்பேட்டையில் என் தங்கை வீட்டில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். அவள் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை கனஅடின்னு சொன்னா நாங்க மாடிக்குப் போகணும்ணா?"

2020 நவம்பர் 25-ல் நிவர் புயலின்போது 22 அடியைத் தொட்டதும் முதலில் 1,000 கனஅடி திறந்தார்கள். நல்ல மாற்றம், பாராட்டுகிறேன். ஆனால் 22 என்ற ஒற்றை எண் போதாது என்பது என் கருத்து. வெயிலடிக்கும் ஜனவரியில் 22 அடி சேமிப்பு. வங்கக் கடலில் புயல் நிற்கும்போது அதே 22 அடி ஆபத்து. உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து வெள்ளம் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். முகத்துவாரத்தில் கடல் ஏற்றமா இறக்கமா என்பதும் உண்டு. இவ்வளவும் துணையலகுகள்தான்.

"அப்படியானால் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அட்டவணை போட்டால் முடிந்ததே" என்று கேட்டேன். மாணவன் சிரித்தான். 1988-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெஃப் ஷம்மா என்பவர் தன் முனைவர் ஆய்வில் காட்டிய சங்கதி அது. ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரியாக இருந்தாலும், துணையலகு வேகமாக மாறினால் மொத்த அமைப்பும் நிலைகுலையலாம். ஆற்றோரம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எவ்வளவு தண்ணீர் என்பதைப் போலவே, எவ்வளவு நேரத்தில் கூடியது என்பதும் உயிர்ப் பிரச்சினை.

பார்சிலோனாவில் பாசன வாய்க்கால்களுக்கு இந்த முறையில் ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். நமக்கு உடனே கம்ப்யூட்டரே ஷட்டரைத் தூக்க வேண்டியதில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். மழைக்காலத்தில் நீர்வரத்து 4,000 கனஅடி என்று போடும்போது, கூடக் குறைய எத்தனை என்று பக்கத்திலேயே போடுங்கள். மழை முன்னறிவிப்பு இப்படி இருந்தால் இத்தனை அடியில் இவ்வளவு திறப்போம், ஒரு மணி நேரத்தில் இதற்கு மேல் கூட்டமாட்டோம் என்ற அட்டவணையை செப்டம்பரிலேயே குன்றத்தூர், அனகாபுத்தூர், ஜாஃபர்கான்பேட்டை தெருக்களில் ஒட்டுங்கள். அதை எளிய தமிழில் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் சும்மாதான் இருக்கிறேன். மாணவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.