ஐஸ் தரையில் சங்கம் வைத்தவர்

“ஐஸ் ஹாக்கிக்கும் நோர்வூட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பீங்க. எங்களில் ஒருத்தரும் ஐஸ் தரையில் கால் வைத்ததில்லை. ஆனால் 1957 இல் அந்த விளையாட்டில் நடந்ததைப் படித்தபோது, எங்க தோட்டத்து ஆபீஸ் வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. அதனால்தான் எழுதுகிறோம். “சங்கமும் வேணாம், சந்தாவும் வேணாம்” என்கிற எங்கள் வயதுக்காரர்களோடும், “எல்லாம் தலைவர் பாத்துக்குவாரு” என்கிற எங்கள் அப்பாமாரோடும் ஒரே நேரத்தில் சண்டை போட வந்திருக்கிறோம்.

முதலில் கதை. அப்போது வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் மொத்தமே 6 அணிகள். அதில் டெட்ராய்ட், சிகாகோ, நியூயோர்க் மூன்றிலும் நோரிஸ் என்ற ஒரே குடும்பத்தின் கை இருந்தது. ஓர் அணியில் கையெழுத்துப் போட்ட வீரர், அந்த அணி விடும்வரை அதற்கே சொந்தம். அவராக வேறு அணிக்குப் போக முடியாது. ஆனால் அணி அவரை விற்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன சம்பளம் என்று யாருக்கும் தெரியாது. ஓய்வூதிய நிதிக்கு ஒவ்வொரு வீரரிடமும் ஆண்டுக்கு 900 டொலர் பிடித்தார்கள். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால் காட்டமாட்டார்கள்.

கேட்டவர் டெட் லின்ட்சே. டெட்ராய்ட் அணிக்காக 4 முறை ஸ்டான்லி கிண்ணம் வென்றவர். மொன்ட்ரியாலின் டக் ஹார்வியையும் மற்ற அணிக்காரர்களையும் சத்தமில்லாமல் சந்தித்துப் பேசி, ஆளுக்கு 100 டொலர் வாங்கி, 1957 பெப்ரவரியில் வீரர்கள் சங்கத்தை அறிவித்தார். கிட்டத்தட்ட எல்லா வீரர்களும் சேர்ந்திருந்தார்கள்.

அந்த 1956–57 பருவம்தான் லின்ட்சேயின் வாழ்க்கையிலேயே சிறந்த பருவம். 30 கோல், 85 புள்ளிகள். லீக் அட்டவணையில் டெட்ராய்ட்தான் முதலிடம். ஜூலையில் அவரைத் தூக்கிக் கடைசி இடத்தில் கிடந்த சிகாகோவுக்கு அனுப்பினார்கள். நல்லா வேலை செய்யிற ஆளாச்சே என்று யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறந்த ஆளை எட்டாத மலைக்கு மாற்றுவது நமக்குத் தெரியாத வித்தையா?

அடுத்தது இன்னும் மோசம். டெட்ராய்ட் மேலாளர் ஜாக் அடம்ஸ், சம்பளத்தைக் கூட்டிக் காட்டிய பொய்க் கணக்கைப் பத்திரிகைக்காரர்களிடம் நீட்டினார். பார்த்தவர்கள் “இவ்வளவு வாங்கியும் பத்தலையா?” என்றார்கள். நவம்பரில் டெட்ராய்ட் வீரர்களே சங்கத்தை விட்டு விலகினார்கள். மொன்ட்ரியாலும் போனது. 1958 பெப்ரவரியில் 7,000 டொலர் குறைந்தபட்சச் சம்பளம், ஓய்வூதியத்தில் கொஞ்சம் உயர்வு என்று முதலாளிமார் சிலதைக் கொடுத்தார்கள். சங்கம் செத்துப்போனது.

அன்றைக்குப் பேசாமல் ஒதுங்கி நின்றவர்களில் பெரிய பெயர் கோர்டி ஹோவ். லீக்கின் உச்ச நட்சத்திரம். பல வருஷம் கழித்துத்தான், தன்னைவிடச் சின்ன வீரர்கள் தன்னைவிடக் கூடச் சம்பளம் வாங்குவது அவருக்குத் தெரியவந்தது. பக்கத்து ஆளிடம் சம்பளத்தைப் பேசாமல் இருந்ததால் வந்த நட்டம் அது.

லின்ட்சேயையும் நம்ம ஆட்களையும் ஒன்றாக்கவில்லை. அவர் லயத்தில் பிறந்தவர் இல்லை, அரைப் பேருக்காக அழுதவரும் இல்லை. ஆனால் அவரைவிடப் பெரிய காரியத்தை இந்த மலையில் செய்தார்கள். துணி வியாபாரி வேஷத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தவர் என்று சொல்லப்படும் கோ. நடேசய்யர், 1931 இல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். கூடவே மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடி ஆள் சேர்த்தார். 1940 இல் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் சுடப்பட்டுச் செத்தார். 1948 இல் குடியுரிமையைப் பறித்தார்கள். அதைத் தொடர்ந்து வாக்கையும் பறித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தாத்தா பாட்டியின் கையில் மிச்சம் இருந்தது சங்கம் ஒன்றுதான். வாக்கில்லாத ஆளுக்கு அதுதான் வாக்கு. “சங்கம் வேணாம்” என்று லேசாகச் சொல்லும் நண்பர்களே, எதைத் தூக்கி எறிகிறோம் என்று தெரிந்து சொல்லுங்கள்.

இனி அப்பாமாருக்கு. ஹாக்கி வீரர்களின் சங்கம் 1967 இல் மறுபடி பிறந்தது. தலைமைக்கு வந்தவர் அலன் ஈகிள்சன் என்ற வழக்கறிஞர். பேச்சு வல்லவர், எல்லா இடத்திலும் செல்வாக்கு. முதலாளிமாருக்கும் நெருங்கிய நண்பர். 24 வருஷம் யாரும் கணக்குக் கேட்கவில்லை, “அலன் பாத்துக்குவாரு.” ஓய்வுபெற்ற வீரர்கள் தாங்களே வழக்குப் போட்டு, ஓய்வூதிய நிதியின் உபரிப் பணம் தங்களுக்கே என்று 1992 இல் தீர்ப்பு வாங்கினார்கள். 1998 இல் ஈகிள்சன் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

இங்கே யாரையும் திருடர் என்று நாங்கள் சொல்லவில்லை. அமைப்பைப் பற்றித்தான் கேட்கிறோம். 1978 முதல் மலையகத்தின் பெரிய சங்கத் தலைமை அமைச்சரவைக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது. ஒரே ஆள் காலையில் அரசாங்கம், மாலையில் தொழிலாளி என்றால் மேசையின் எந்தப் பக்கம் உட்காருவார்? ஆயிரம் ரூபா கேட்டுத் தெருவில் நின்றோம். 2019 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700. ஆயிரம் வந்தது 2021 இல், அதுவும் சம்பளச் சபை வழியாக. உடனே கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்தே விலகிக்கொண்டன. சந்தாவை யார் வசூலித்தார்கள்? பல காலமாகத் தோட்ட ஆபீஸே சம்பளத்தில் வெட்டி அனுப்பியது. உறுப்பினரின் வாசலுக்கு வந்து காசு கேட்க வேண்டிய தேவையே இல்லாத சங்கத்துக்கு, உறுப்பினருக்குப் பதில் சொல்லும் தேவை எங்கிருந்து வரும்?

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று. சந்தாக் கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தோட்டத்துக் கோயில் வாசலிலும் வாசித்துக் காட்டுங்கள். அமைச்சரானவர் சங்கப் பதவியை விடட்டும். கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள். பேச்சுவார்த்தை மேசையிலும் அவர்கள் உட்காரட்டும், மாதர் அணி என்ற மூலையில் இல்லை.

கடைசிக் கோரிக்கைக்கும் லின்ட்சேயிடம் ஒரு சாட்சி உண்டு. 1966 இல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். விருந்து ஆண்களுக்கு மட்டும் என்றார்கள். மனைவி பிள்ளைகள் வரக்கூடாத விருந்துக்கு நானும் வரல என்று அவர் போகவே இல்லை. அடுத்த வருஷம் அந்த விதியை மாற்றினார்கள்.

எங்களுக்கு ஐஸ் தரை வேண்டாம். இந்த மாதம் அம்மாவின் சம்பளச் சிட்டையை வாங்கிப் பாருங்கள். எத்தனை பேர் விழுந்தது, சேமலாப நிதிக்கு எவ்வளவு போனது, சந்தா வெட்டியிருந்தால் எந்தச் சங்கத்துக்குப் போனது என்று வாசித்துக் காட்டுங்கள். பிறகு அடுத்த காம்பராவுக்குப் போய் அவர்களுடையதையும் கேளுங்கள். லின்ட்சேயும் அப்படித்தான் தொடங்கினார்.