நல்ல நடுவர் மட்டும் போதாது

ஜூலை 18 தமிழ்நாடு நாளையொட்டிப் பள்ளி மாணவர்களுக்கு மாவட்ட அளவில் கட்டுரைப் போட்டி நடத்தப்படுகிறது. முதல் பரிசு 10,000 ரூபாய். ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றும் வீடொன்றிலிருந்து தென்காசிக்குப் பஸ் ஏறும் பிள்ளைக்கு அது பெரிய தொகை. அதைவிடப் பெரிது, தான் எழுதியதை ஒருவர் முழுக்கப் படித்து எடைபோடுவார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற நேர்மையான நடுவர் ஒருவர் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. நேர்மையானவரும் தன்னையறியாமல் அநீதி செய்துவிட முடியும்.

1961-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பால் டீடெரிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 300 மாணவர் கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். படித்தவர்களில் பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள் எல்லாரும் உண்டு. 101 கட்டுரைகள் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாத் தரங்களையும் பெற்றன. ஒருவருக்குத் தலைசிறந்ததாகப் பட்டதே இன்னொருவருக்குக் கடைசியாகப் பட்டது. இதில் ஓரவஞ்சனை ஏதுமில்லை. ஒருவர் கருத்தைத் தேடினார், ஒருவர் கட்டமைப்பை, ஒருவர் பிழையின்மையை, ஒருவர் நடையை. நம் ஊரிலும் இதுதான் நடக்கும். முன்னுரை, முடிவுரை என்று கோடிட்டு, முத்துமுத்தான கையெழுத்தில் மேற்கோள்களை அடுக்கிய தாள் ஒன்று. றகர ரகரம் மாறி, ஆனால் வற்றிய குளத்தைக் கண்முன் நிறுத்தும் தாள் இன்னொன்று. எது மேல் என்பதைத் தாள்கட்டைப் பிரிப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்யாவிட்டால், பரிசு பிள்ளையின் திறமையால் தீர்மானமாகாது. தாள் யார் கைக்குப் போனது என்பதால் தீர்மானமாகிவிடும்.

இந்தச் சிக்கல் நம் முன்னோருக்கும் தெரிந்திருந்தது. இறையனார் களவியல் என்ற இலக்கண நூலுக்கு எழுதப்பட்ட உரைகளில் மெய்யுரை எது என்ற வழக்கு எழுந்தபோது, புலவர்கள் தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளவில்லை. வாய் பேசாத சிறுவன் உருத்திரசன்மனைக் காரணிகனாக, அதாவது நடுவனாக, அமர்த்தி உரைகளை வாசித்தார்கள். நக்கீரர் உரைக்குப் பிள்ளையின் கண்ணில் நீர் வார்ந்தது என்கிறது அந்தக் கதை. எழுதியவரின் பேரும் புகழும் தீண்டாத ஒருவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது அதில் நான் காணும் நீதி. ஆனால், அவன் முருகனின் அவதாரம் என்றும் கதை சொல்கிறது. தெய்வப் பிள்ளை கிடைக்காத நமக்கு முறைதான் துணை.

இலக்கியத்தை மதிப்பெண் கட்டத்துக்குள் அடைக்கலாமா, ரசனைக்கு அளவுகோல் உண்டா என்ற மறுப்பு வலுவானது. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. தன் செவியையும் இதயத்தையும் நம்பியே கம்பனைப் படித்தார். அவற்றுக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். அந்த ரசனை ஒரு தலைமுறைக்கே கவிதையைக் காதால் கேட்கக் கற்றுக்கொடுத்தது. ஆனாலும் புலவர்கள் அவரோடு வாதாடினார்கள், வாதாடவும் முடிந்தது. போட்டியில் தோற்ற பிள்ளைக்கு அந்த வாய்ப்பில்லை. ஆகவே ரசனை இருக்கட்டும், ஒருவருடைய ரசனையாக மட்டும் இருக்க வேண்டாம். பலர் தரும் மதிப்பெண்களின் சராசரி எடுத்தால் சாதுவான கட்டுரையே வெல்லும் என்ற அச்சத்துக்கும் வழியுண்டு: ஒரு நடுவர் முதலிடம் தந்த கட்டுரை, மற்றவர் என்ன மதிப்பெண் போட்டிருந்தாலும், இறுதிச் சுற்றுக்கு வரட்டும்.

இத்தனைக்கும் ஆளும் நேரமும் ஏது என்று கேட்கலாம். பெயரையும் பள்ளியையும் மறைத்து எண் இடுவதற்கு ஒருவர் போதும். ஒவ்வொரு தாளையும் இருவர் கலந்து பேசாமல் தனித்தனியே படிக்கட்டும். ஒருவர் கட்டை மேலிருந்து தொடங்கினால் மற்றவர் அடியிலிருந்து தொடங்கட்டும். களைத்த கண்ணுக்கு எப்போதும் ஒரே தாள் அகப்படாது. இருவரும் வெகுவாக வேறுபட்டால் மட்டும் மூன்றாமவர் படிக்கட்டும். 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பும், மாதம் ஒரு சிறுகதை, ஆண்டு முடிவில் அவற்றுள் ஒன்று என்று இரண்டு படிகளில்தான் தேர்ந்தெடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசு பெறாத தாளிலும் எது நன்று, எது குறை என்று இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுங்கள். பரிசு மூவருக்குத்தான் கிடைக்கும்; அந்த இரண்டு வரி, எழுதிய ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர வேண்டிய கடன்.