காப்பார் சாம்பல் குளத்தின் கணக்கு
சுற்றுச்சூழல் துறைத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்



மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளான் மாவட்டத்தின் வடமேற்குக் கரையோரத்தில், காப்பாரை அடுத்த தோக் மூடாவில் அமைந்துள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் மின்நிலையம், 2,420 மெகாவாட் நிறுவு திறனோடும், எரிவாயு, எண்ணெய், நிலக்கரி ஆகிய மூன்று எரிபொருள்களையும் ஒரே வளாகத்தில் எரிக்கும் அமைப்போடும் கட்டப்பட்டதாகும். தெனாகா நேஷனல் 60 விழுக்காடும் மலாக்கோப் 40 விழுக்காடும் பங்கு கொண்ட காப்பார் எனர்ஜி வென்ச்சர்ஸ் நிறுவனம் இதனை நடத்தி வருகிறது. இங்கு நிலக்கரி எரிப்பவை நான்கு அலகுகள். அவற்றுள் இரண்டு 300 மெகாவாட்டும் இரண்டு 500 மெகாவாட்டும் திறனுடையவை. இவற்றின் மின்கொள்முதல் ஒப்பந்தம் 2029இல் முடிவுறுவதால், கரியமில வாயு எவ்வளவு குறையும், எந்த எரிபொருள் இடத்தை நிரப்பும், மின்கட்டணம் ஏறுமா என்ற கேள்விகள் ஏற்கெனவே பேசப்படுகின்றன. புகைபோக்கி ஓய்ந்த பிறகும் அதே இடத்தில் கிடக்கப்போகும் சாம்பலைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை. அதைக் குறித்தே இம்மடல் எழுதப்படுகிறது. தெனாகா நேஷனலுக்கோ அமைச்சருக்கோ அன்றித் தலைமை இயக்குநருக்கு எழுதப்படுவதற்கான காரணம், இச்சாம்பலை ஆளும் உண்மையான விதிகள் அவர் கையொப்பமிடும் கடிதங்களில்தான் அடங்கியிருக்கின்றன என்பதாகும்.

நிலக்கரியைப் பொடியாக்கிக் கொதிகலனில் ஊதி எரிக்கும்போது, எரியாமல் எஞ்சும் கனிமப்பொருள் இருவகையாகப் பிரிகிறது. புகையோடு மேலெழும் நுண்துகள் பறக்கும் சாம்பல் எனப்படும். மின்னேற்றத்தால் தூசியை ஈர்த்துப் பிடிக்கும் படிவிப்பான் அதனைப் புகைபோக்கிக்கு முன்பே தடுத்துச் சேர்க்கிறது. கொதிகலனின் அடியில் விழும் கரடுமுரடான பகுதி அடிச்சாம்பல் ஆகும். சாம்பலின் மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பறக்கும் சாம்பலே. நிலக்கரியில் மிகச் சிறிதளவே இருந்த ஆர்செனிக், செலினியம், ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற தனிமங்கள், கரி எரிந்து தீர்ந்தபின் சாம்பலில் பல மடங்கு செறிவடைந்து தங்குகின்றன. இக்காரணத்தால், 2005 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் தர (அட்டவணைக் கழிவுகள்) விதிமுறைகள், இத்தகைய உலோகங்களைக் கொண்ட சாம்பலை எஸ்.டபிள்யூ. 104 என்ற குறியீட்டின்கீழ் வைத்துள்ளன. அட்டவணைக் கழிவு என்பது, தீங்கு விளைவிக்கக்கூடியது எனச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்ட கழிவு. அவ்வகையில் 77 வகைகள் ஐந்து பிரிவுகளாக அங்கே இடம்பெற்றுள்ளன. அமெரிக்கா 2015இல் வகுத்த விதிகளில் நிலக்கரிச் சாம்பலை அபாயக் கழிவு அல்லாததாகவே நடத்துகிறது என்பதையும், இந்தியாவிலும் அது அபாயக் கழிவுப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், மலேசியச் சட்டம் எழுத்தளவில் இவ்விரு நாடுகளையும்விடக் கண்டிப்பானது என்று தயங்காமல் சொல்லலாம்.

எழுத்துக்கும், சாம்பலைக் கொட்டிவைக்கும் குளத்துக்கும் இடையிலுள்ள தொலைவைக் காண ஒரு சிறு கணக்கு போதும். அட்டவணைக் கழிவை உண்டாக்கியவர் அதைத் தம் இடத்தில் 180 நாள்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும், சேர்ந்திருக்கும் அளவு 20 டன்னைத் தாண்டக் கூடாது என்றும் மேற்படி விதிமுறைகளின் 9ஆம் விதி கூறுகிறது. ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு, அதாவது ஒரு யூனிட்டுக்கு, ஏறத்தாழ அரை கிலோ நிலக்கரி செலவாகிறது என்று கொண்டால், 500 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஒரு நாள் ஓடி 1 கோடியே 20 லட்சம் யூனிட் உற்பத்தி செய்ய 6,000 டன் நிலக்கரி வேண்டும். சாம்பல் குறைந்த நிலக்கரியே வருகிறது என்று வைத்து, எடையில் 5 விழுக்காடு மட்டும் சாம்பலாக மிஞ்சினாலும் அது நாளொன்றுக்கு 300 டன். சட்டம் அனுமதிக்கும் 20 டன் வரம்பை, நான்கில் ஓர் அலகு மட்டுமே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் தொட்டுவிடுகிறது.

பீப்பாய்களில் கழிவை அடைத்து லாரியில் ஏற்றியனுப்பும் நடுத்தரத் தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது என்பதில் ஐயமில்லை. மறுமுனையில், சபா, சரவாக் உட்பகுதிகளிலும் தீவுகளிலும் டீசல் எந்திரத்தை நம்பி இயங்கும் சிற்றூர் மின்நிலையங்களில், கழிவெண்ணெயும் (எஸ்.டபிள்யூ. 305) பழைய ஈய அமில மின்கலங்களும் (எஸ்.டபிள்யூ. 102) படகோ லாரியோ நிறையும் அளவுக்குச் சேர்வதற்கு முன்பே 180 நாள் ஓடிவிடும். அங்கே நாள் கணக்கு பொருந்துவதில்லை; காப்பாரில் எடைக் கணக்கு பொருந்துவதில்லை.

பொருந்தாத இடத்தில் விலக்குக்கு வழி வேண்டும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டு, அதனைத் தலைமை இயக்குநரின் கையில் ஒப்படைத்துள்ளது. 20 டன்னுக்கு மேல் சேமிக்க விரும்புவோர் அவருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். 7ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: குறிப்பிட்ட ஓர் இடத்தில் உண்டாகும் குறிப்பிட்ட கழிவை, உரிமம் பெற்ற அகற்று நிலையத்துக்கு அனுப்பாமல் வேறு வகையில் கையாளச் சிறப்பு மேலாண்மை என்ற பெயரில் அனுமதி கோரலாம்; அவர் தம் நிபந்தனைகளை எழுதி அனுமதி வழங்கலாம். இந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. பறக்கும் சாம்பல் சிமெண்டுக்கு நல்ல துணைப்பொருள். கான்கிரீட்டில் கலக்கும்போது வலிமையைக் கூட்டி, உப்புநீர் ஊடுருவலைக் குறைக்கிறது. அப்படிப்பட்ட பொருளை நெகிரி செம்பிலானில் 1998 முதல் இயங்கும் புக்கிட் நானாஸ் கழிவகற்று மையத்துக்கு லாரி லாரியாக அனுப்பிப் புதைப்பது பணத்துக்கும் கேடு, நிலத்துக்கும் கேடு. குறை சொல்வதானால் விலக்கைச் சொல்ல வேண்டியதில்லை. விலக்களிக்கும் கடிதம் யார் கண்ணிலும் படாமல் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். அட்டவணையும் விதியும் அரசிதழில் வெளியாகி யாவரும் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு நிலையத்தின் சாம்பல் எங்கே, எவ்வளவு, எந்தச் சோதனைக்குப் பின், எவ்வளவு காலம் கிடக்கலாம் என்பதை முடிவு செய்யும் நிபந்தனைகளோ அலுவலகக் கோப்பாக நின்றுவிடுகின்றன.

கோப்பின் ஆயுளும் கவலைக்குரியது. கழிவை உண்டாக்கியவர் அதன் வகை, அளவு, சென்ற இடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று 11ஆம் விதி கட்டளையிடுகிறது. ஆனால் அப்பதிவைக் காக்க வேண்டிய காலம், கழிவு உண்டான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான். காப்பாரில் நிலக்கரி எரியத் தொடங்கியதோ 1980களின் இறுதியில். ஆர்செனிக் ஒரு தனிமம். அது சிதைந்து வேறொன்றாகாது, மூன்று ஆண்டில் காலாவதியாகவும் செய்யாது. இன்று சிமெண்டு ஆலைக்குப் போகும் சாம்பலின் ஒவ்வோர் ஏற்றமும் தங்கள் துறையின் மின்னணு முறைமையில் பதிவாகிறது என்பது பாராட்டுக்குரியதே. 1990களில் குழம்பாகக் கலக்கிக் குழாய் வழியே குளத்தில் விடப்பட்ட சாம்பலுக்கு அப்படிப்பட்ட பதிவைச் சட்டத்தின் பெயரால் எவரும் இன்று கேட்டுப் பெற முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இக்குளத்தைப் பற்றிப் பொதுமக்கள் படிக்கத்தக்க எண்கள் அறவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கிழக்காசிய ஆஸ்திரலேசியப் பறவைப் பாதையில் சைபீரியாவிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள், ஓதம் ஏறிச் சேற்றுத்திட்டுகள் மூழ்கும் நேரத்தில், தட்டையாகவும் மரமில்லாமலும் கிடக்கும் காப்பார் சாம்பல் குளங்களில் கூட்டங்கூட்டமாக வந்து தங்கியதைப் பறவை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எண்ணிப் பதிவு செய்துள்ளனர். உலகில் அருகிவரும் நோர்ட்மன் பச்சைக்காலியும் அப்பட்டியலில் உண்டு. குளத்தின் மேலே இறங்கும் பறவையின் எண்ணிக்கையை ஆய்வுக்கட்டுரையில் தேடி எடுத்துவிடலாம். குளத்தின் அடியில் இறங்கும் நீரில் ஆர்செனிக் எவ்வளவு என்பதற்கு அப்படி ஒரு வழி, தோக் மூடாவில் வலை உலர்த்துபவருக்கு இல்லை. தங்கள் துறை வெளியிடும் ஆண்டறிக்கை அட்டவணைக் கழிவின் நாடு தழுவிய தொகையைத் தருகிறது. அத்தொகைக்குள் ஒரு குறிப்பிட்ட குளம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சோதனையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. கழிவிலிருந்து நச்சு எவ்வளவு வெளியேறும் என்பதை அறிய உலகெங்கும் பரவலாகப் பயன்படும் கசிவுச் சோதனையில், கழிவின் மாதிரியை அசிட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றி, இறங்கிய உலோகத்தை அளப்பார்கள். நகரக் குப்பைமேட்டின் புளிப்புச் சூழலைப் போலச் செய்வதற்காக அமைந்த முறை அது. கடலோரச் சாம்பல் குளத்தின் நீர் உப்பானது, பெரும்பாலும் காரத்தன்மை உடையது. ஆர்செனிக்கும் செலினியமும் காரநீரில் நடந்துகொள்ளும் விதம், ஈயமும் காட்மியமும் அமிலத்தில் நடந்துகொள்ளும் விதத்தைப் போன்றதன்று. குப்பைமேட்டுக்கான தேர்வில் தேறிய சாம்பல் கடற்கரையிலும் தேறும் என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. சேற்றிலுள்ள நீரை வடிகட்டியே உண்ணும் கெராங் எனும் சிப்பி, சிலாங்கூர்க் கரையில் வளர்ந்து, பொரித்த கொய்த்தியாவ் தட்டு வழியாகக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதற்கும் போய்ச் சேர்கிறது என்பதால், இது காப்பார்வாசிகளின் கவலை மட்டுமன்று.

குளங்கள் எப்படித் தவறுகின்றன என்பதற்குப் பிறநாட்டுச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் மின்நிலையத்தின் சாம்பல் கரை 2008 டிசம்பர் 22 அன்று நள்ளிரவு கடந்தபின் சரிந்தபோது, 40 லட்சம் கனமீட்டருக்கும் மேற்பட்ட குழம்பு ஏறத்தாழ 120 ஹெக்டேர் பரப்பை மூடியது. துப்புரவுக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவானது. சரிவைவிடப் பின்கதை கொடியது: முகமூடி முதலிய காப்புக் கருவிகள் மறுக்கப்பட்டதால் நோயுற்றோம் என்று, சாம்பலை அள்ளிய தொழிலாளர்கள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு வடசென்னை. அங்கே கரை உடைந்ததைவிட, அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குச் செல்லும் குழாய்கள் மீண்டும் மீண்டும் கசிந்து, எண்ணூர்க் கழிமுகத்தைச் சாம்பலால் தூர்த்ததே பெருங்கேடாயிற்று. அக்கசிவை ஆண்டுக்கணக்கில் பார்த்துச் சொன்னவர்கள் அக்கழிமுகத்தில் இறால் பிடிக்கும் மீனவர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்கு சென்ற பிறகே அவர்கள் சொன்னது ஆவணமாயிற்று.

மலேசியாவிலேயே புக்கிட் மேரா இருக்கிறது. ஈப்போ அருகே ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1994இல் மூடப்பட்டது. அதன் தோரியக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் பணி 2010க்குப் பின்னும் நடந்துகொண்டிருந்தது. பாசிர் கூடாங்கில் 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்ட பின்னர், சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. திருட்டுத்தனமாகக் கொட்டுபவனுக்கு அது தக்க அச்சமே. அனுமதியோடு சேர்ந்த சாம்பலுக்கு அபராதம் மருந்தாகாது. அங்கே வேண்டியது கணக்கு.

அக்கணக்கைக் கேட்டுப் பெறுவதில் அரசமைப்பே ஒரு விந்தையான தடையாக நிற்கிறது. சிலாங்கூர் மாநிலம் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியது. ஆனால் அது மாநிலத் துறைகளையும் ஊராட்சி மன்றங்களையுமே கட்டுப்படுத்தும். சுற்றுச்சூழல் துறை கூட்டரசைச் சேர்ந்தது. ஆகவே, தம் வீட்டுக்கு முன்னுள்ள கால்வாயைப் பற்றிச் சட்டப்படி தகவல் கேட்கக்கூடிய காப்பார்வாசி, தம் ஊரின் சாம்பலைப் பற்றி அவ்வாறு கேட்க முடியாதவராகிறார். கூட்டரசுத் தகவல் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே இம்மடலின் வாதம். கடிதம் எழுதும் அதிகாரம் தலைமை இயக்குநருக்கு உண்டு. அனுமதியின் நிபந்தனைகளிலேயே, அந்நிபந்தனைகளையும் ஆய்வு முடிவுகளையும் வெளியிட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கவும் அவரால் இயலும்.

அந்த ஒரு வரியின்கீழ் வெளிவர வேண்டியவை பெரிய இரகசியங்கள் அல்ல. முதல் நிலக்கரி அலகு தொடங்கியது முதல் உண்டான சாம்பல் எவ்வளவு, சிமெண்டுக்குச் சென்றது எவ்வளவு, குளத்தில் எஞ்சியது எவ்வளவு என்ற இருப்புக் கணக்கைப் பழைய நிலக்கரிக் கொள்முதல் ஏடுகளைக் கொண்டே பெருமளவுக்கு மீட்டெடுக்கலாம். குளத்தைச் சுற்றிய கண்காணிப்புக் கிணறுகளின் நீர் ஆய்வு முடிவுகள், கடல்நீரைக் கொண்டு செய்த கசிவுச் சோதனை, கரையின் உறுதி பற்றிய பொறியாளர் அறிக்கை ஆகியவை அதனுடன் சேர வேண்டும். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது காப்பார், மேரு வட்டாரத் தாமான்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் முதியவர்கள் பலர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள். ஆகவே சுருக்க அறிக்கை மலாயோடு தமிழிலும் சீனத்திலும் ஒட்டப்படுவது நன்று. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் விளக்குகளும் இதே மின்கட்டமைப்பில் எரிபவை என்பதால், கோலாலம்பூர்வாசிகளும் அதைப் படித்துவைப்பதில் தவறில்லை.

காலம் குறித்தும் ஒன்று. நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. அலகுகள் நின்றபின் அவ்வளாகத்தின் பயன்பாட்டை மாற்றக் கோரும் விண்ணப்பம் சிலாங்கூர் நில அலுவலகத்துக்கும், திட்ட அனுமதிக்காகக் கிள்ளான் அரச மாநகர் மன்றத்துக்கும் செல்லும். குளத்தின் எல்லை, ஆழம், உள்ளடக்கம் ஆகியவற்றைக் காட்டும் வரைபடம் அவ்விரு மேசைகளிலும் அதற்கு முன்பே இருக்க வேண்டும். மூடுவதற்கும் அதன்பின் பல்லாண்டு கண்காணிப்பதற்குமான பணம், மின்சாரம் விற்று வருமானம் வரும் காலத்திலேயே தனியாக ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். 2029க்குப் பின் அப்பணத்தைக் கேட்டால், வருமானம் நின்ற நிறுவனத்திடம்தான் கேட்க நேரும்.

நகல்: சிலாங்கூர் மாநில அரசு, கிள்ளான் அரச மாநகர் மன்றம்