பல்லுக்கு உள்ள வழி மனசுக்கும் வேண்டும்

கடைவாய்ப் பல் வலிக்கிறது, கையில் காசு குறைவு என்றால் நம் பக்கத்தில் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போவார்கள். பார்ப்பவர் பயிற்சி மாணவர்; சந்தேகம் வந்தால் கேட்கப் பேராசிரியர் பக்கத்திலேயே இருக்கிறார். நேரம் கூடும், செலவு குறையும். அதே வீட்டில் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, பனியன் கம்பெனிக்குப் போகும் அக்காவுக்கு மாதக்கணக்கில் தூக்கமில்லை என்றால், மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். மெடிக்கலில் மாத்திரை கேட்பார்கள். தனியார் ஆலோசகரின் கட்டணத்தைக் கேட்டதும் முதல் தடவையோடு நின்றுவிடுவார்கள். பாரதியார் பல்கலைக்கழகம் தொடங்கி, உளவியல் துறை நடத்தும் கோவைக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் மேற்பார்வையுள்ள பயிற்சி மையத்தைக் குறைந்த கட்டணத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

இது புது யோசனையல்ல. 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் முதல் உளவியல் மையத்தைத் தொடங்கியபோது அவரிடம் வந்தது எழுத்துக்கூட்டத் தடுமாறிய ஒரு பள்ளிச் சிறுவன்தான். அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் பெற, மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்தாக வேண்டும். இங்கே முனைவர் பட்டம் பெரும்பாலும் ஆய்வுக்கானது. அதை வைத்து மட்டும் சிகிச்சை அளித்துவிட முடியாது, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கான முக்கிய வாசலாக இருந்த இரண்டாண்டு எம்.பில். படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 கல்வியாண்டு வரை மட்டுமே நீட்டித்தது. பயிற்சியின் வடிவமே மாறுகிற நேரத்தில் அதை ஊர்மக்களுக்கு உதவும்படி அமைப்பதில் என்ன தடை?

அனுபவமில்லாதவர் கையில் மனசை ஒப்படைக்கலாமா என்பது நியாயமான கேள்வி. கோவாவில் நடந்து, 2017-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை பேசினார்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்தான். பேச்சுகளைப் பதிவுசெய்து, கூடி உட்கார்ந்து கேட்டு, மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொள்வது அவர்களின் முறையாக இருந்தது. தனியாக அறை போட்டிருக்கும் பத்தாண்டு அனுபவசாலியின் பேச்சை யார் கேட்டுத் திருத்துகிறார்கள்? அரசு மருத்துவமனை இருக்கிறது, 14416 டெலி மானஸ் உதவி எண் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் நெரிசலான புறநோயாளிப் பிரிவிலோ தொலைபேசியிலோ வாராவாரம் ஒரே ஆளிடம் முக்கால் மணி நேரம் பேச முடியாது. தேசிய மனநல ஆய்வின்படி (2015-16) மனநலச் சிக்கல் உள்ளவர்களில், சிக்கலுக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை.

ஏழைகளைப் பயிற்சிப் பண்டமாக்குவதா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வருபவரிடம் 'உங்களைப் பார்ப்பவர் மாணவர்' என்று முதலிலேயே சொல்ல வேண்டும்; பதிவுசெய்ய ஒப்புதல் வேண்டும்; 2017 மனநலச் சட்டம் தரும் ரகசியக் காப்பு மாணவரையும் கட்டுப்படுத்த வேண்டும்; தற்கொலை எண்ணம் தெரிந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். படிப்பு முடிந்து மாணவர் கிளம்பும்போது அடுத்தவரிடம் முறையாக ஒப்படைக்க வேண்டும். சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மேற்பார்வைக்குப் பதிவுபெற்ற பேராசிரியர் இல்லாத கல்லூரி இதில் இறங்கவே கூடாது. மையம் மில்காரர்களுக்குப் பயன்பட வேண்டுமானால் பத்து மணி முதல் நாலு மணி வரை மட்டும் திறந்து பயனில்லை, ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்.

பிள்ளைகளுக்கான மதிப்பீடுதான் இன்னும் அவசரம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டைச் சேர்த்துக்கொண்டது. தேர்வில் கூடுதல் நேரம் பெறச் சான்றிதழ் வேண்டும், அதற்குப் பல மணி நேரச் சோதனைகள் வேண்டும். இன்றும் புழங்கும் பினே–காமத் நுண்ணறிவுச் சோதனை, கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளுக்காகத் தழுவப்பட்டது. பொள்ளாச்சியிலோ கோபியிலோ தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையின் வாசிப்பை அளக்கத் தமிழில் நம்பகமான அளவீடுகள் போதுமான அளவு இல்லை. ஆய்வுத் தலைப்பு தேடும் முனைவர் பட்ட மாணவர்கள் இந்த மையங்களில் உட்கார்ந்தால், அந்த அளவீடுகளே அவர்களின் ஆய்வேடாகலாம்.